ஆறுமுக நாவலரவர்களும் அன்றாட ஒழுக்கமும்

ஆன்மாக்கள் மலநீக்கம் பெற்று உய்தற்பொருட்டு இறைவன் தனு கரண புவன போகங்களைக் கொடுத்தருளினான் என்பது சைவ சித்தாந்திகள் யாவர்க்கும் ஒப்ப முடிந்த பொருளாம். அங்ஙனம் அருளப்பெற்ற உடம்பு பசியால் வாடவும், பிணியால் நலியவும், தீயொழுக்கத்தாற் கெடவும் கண்டு வாளாவிருத்தல் அக்கொடையை இகழ்தலேயன்றி வேறன்று. இவ்வுண்மையை நூலிற் கற்றதனோடு அமையாது ஊர் நடுவே செய்து காட்டியவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள். அவர்களைப் பதிப்பாசிரியரென்றும், வசனநடை வல்லாரென்றும், பரசமய கண்டனத்திற் சிங்கமென்றும் போற்றுவார் பலர். எளியோருடைய உணவையும் உடல்நலத்தையும் நாளொழுக்கத்தையும் சமயத்தின் கூறாகவே கொண்டு அவர்கள் உழைத்தமையை நினைப்பார் சிலரே. அக்கூற்றையே ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

நாவலரவர்கள் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ஆந் தேதி நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் புதல்வராய்த் தோன்றினார்கள். இளமையிலேயே தந்தையாரை இழந்தார்கள். இருபாலைச் சேனாதிராச முதலியார், நல்லூர்ச் சரவணமுத்துப் புலவர் என்னும் இருவரிடத்தும் தமிழிலக்கண இலக்கியங்களைக் கற்றார்கள். ஆங்கிலம் கற்றது வெஸ்லியன் மிஷன் பாடசாலையில். அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்து, பீற்றர் பார்சிவல் பாதிரியார் கிறிஸ்தவ வேதத்தைத் தமிழில் மொழிபெயர்த்தபொழுது அவர்க்குப் பெருந்துணை புரிந்தார்கள்.

பாடசாலை, அச்சியந்திரம், பிரசங்கம் என்னும் மூன்று கருவிகளாலும் பாதிரிமார் மக்கள் உள்ளத்தைத் தம்வயப்படுத்துமாற்றை அக்காலத்தே நாவலரவர்கள் அணுகியிருந்து கண்டார்கள். சைவமக்களோ வீட்டிலும் கோயிலிலும் பரம்பரையாகச் செய்துவந்த கருமங்களின் பொருளை அறியாது மயங்கினர். கேட்டார்க்கு விடை கூறமாட்டாது நாணினர். பொருளறியாத ஒழுக்கம் நாளடைவில் நழுவிப்போம் என்பதை உணர்ந்த நாவலரவர்கள், 1847-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31-ஆந் தேதி வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார்கள். மறுவருஷம் மிஷன் உத்தியோகத்தையும் அதன் சம்பளத்தையும் துறந்து, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள். 1849-ஆம் ஆண்டில் அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுச் சென்னைக்குச் சென்றபோது, திருவாவடுதுறை ஆதீனத்திற் பிரசங்கஞ் செய்து நாவலர் என்னும் பட்டம் பெற்றார்கள்.

அவ்வச்சியந்திரத்தை அவர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது கருதற்பாலது. பெருநூல்களைப் பிழையறப் பதிப்பித்ததனோடு, 1852-ஆம் ஆண்டிற் பெரியபுராண வசனத்தையும் வெளியிட்டார்கள். அவற்றோடொப்பச் சிறுவர்க்கும் இல்லறத்தார்க்கும் உரிய சிறு நூல்களையும் இடையறாது எழுதினார்கள். கள்ளுண்ணல், சூது, பொய், கோபம் முதலியவற்றால் உடம்பும் குடும்பமும் உயிரும் ஒருங்கே கெடுமாற்றைப் பாலபாடங்கள் எளிய வசனத்தால் விளக்குகின்றன. விடியலில் எழுதல், பல் விளக்கல், நீராடல், உண்ணல், உறங்கல் ஆகிய அன்றாடச் செயல்களைச் சைவ வினாவிடை நித்திய கருமமாக முறைப்படுத்திக் கூறுகின்றது. சுத்தத்தை ஆரோக்கியத்தின்பொருட்டு ஒன்றும் அநுட்டானத்தின்பொருட்டு மற்றொன்றுமாக அவர்கள் பிரித்திலர். காலையிற் குளிக்கும் நீர் உடம்பின் அழுக்கை நீக்கும்பொழுதே உள்ளத்தை வழிபாட்டிற்கு ஆயத்தஞ் செய்கின்றது என்பது அவர்கள் கண்ட முறை. சரியை கிரியைகள் ஞானத்திற்குப் படிகளாதல் இவ்வாறே.

தம்வாழ்வும் அம்முறைக்கு மாறுபடாதிருந்தது. விவாகஞ் செய்யாது பிரமசரிய நெறியில் நின்றார்கள். தமக்கெனப் பொருள் தேடாது, வீடுதோறும் சேர்த்த பிடியரிசியைக்கொண்டும் அன்பர் உதவியைக்கொண்டும் வித்தியாசாலையை நடத்தினார்கள். 1864-ஆம் ஆண்டிற் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். வண்ணார்பண்ணையில் 1872-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலையோ பொருள் முட்டுப்பாட்டாற் சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. கோயிற் பொருளையும் தருமப் பொருளையும் கைக்கொண்டு, கல்விக்கும் எளியோர்க்கும் உதவாதிருந்தோரை அவர்கள் வெளிப்படையாகக் கடிந்தமைக்கு இவ்வநுபவமும் ஒரு காரணம் எனலாம்.

1876-ஆம் ஆண்டு முதல் தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் வருத்திற்று. அக்காலத்தே யாழ்ப்பாணத்தாரும் அரிசி அருகிப் பசியால் வருந்தினர். வாந்திபேதி நோயும் பரவிப் பலரை மாய்த்தது. கல்வியும் பிரசங்கமுமே தமது பணி என்று நாவலரவர்கள் ஒதுங்கி நின்றாரல்லர். செல்வரிடத்து இரந்து அரிசியும் பொருளும் பெற்று, வண்ணார்பண்ணையிலே கஞ்சித்தொட்டித் தருமத்தை ஏற்படுத்தி, பசித்து வந்தோர்க்குக் கஞ்சி வார்ப்பித்தார்கள். வடமாகாணத்து அரசாங்க அதிபராயிருந்த துவைனந்துரை மக்கள் துயர் களையப் போதிய முயற்சி செய்திலர் என்று அஞ்சாது கண்டித்தார்கள். பசித்தவனுக்கு முன்பு கஞ்சி, பின்பு பாடம் என்பதே அவர்கள் செயலாற் புலப்படும் முறையாம்.

ஈண்டு ஒன்று மறைத்தற்பாலதன்று. நாவலரவர்கள் சாதியாசாரத்தை இறுகப் பற்றியவர்கள். அவர்கள் திறந்த கல்வி வாயில் எல்லாக் குலத்தார்க்கும் ஒப்பத் திறந்திலது. சிவனடியாரிடத்துக் குலம் ஆராயலாகாது என்பதற்கு அவர்கள் வசனமாக்கிய பெரியபுராணமே சான்றாகவும், அவர்கள் காலத்து வழக்கு அவர்களைக் கட்டிற்று. அக்குறையைக் குறையென்றே கொண்டு, அவர்கள் விட்ட இடத்தை நிரப்புதல் பின்வந்தார் கடமையாம். பெரியோர் சரித்திரத்தைக் குற்றமறைத்துப் புனைதல் அவர்க்குப் பெருமை தருவதன்று.

1879-ஆம் ஆண்டு ஆடிச் சுவாதியிற் சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசைத் தினத்தன்று செய்ததே அவர்கள் இறுதிப் பிரசங்கமாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் மாதம் 5-ஆந் தேதி வெள்ளிக்கிழமை, கார்த்திகை மக நாளில், தமது ஐம்பத்தேழாம் வயதினிலே சிவபதமடைந்தார்கள்.

ஆண்டுதோறும் கார்த்திகை மகத்திலே அவர்கள் குருபூசை நிகழ்கின்றது. அன்று அவர்கள் பதிப்புக்களின் திருத்தத்தையும் வாதத்தின் வன்மையையும் வியந்து பேசுதல் தக்கதே. ஆயினும், மடங்களின் அன்னசாலையில் அன்று யார் உண்கின்றனர், அயலிலுள்ள எளிய சிறுவர்க்கு எழுத்தும் ஒழுக்கமும் கற்பிப்பார் யாவர், பிணியுற்றார்க்கு நீரும் மருந்தும் கொடுப்பார் உளரோ என்னும் வினாக்களையும் உடன் எழுப்புதல் வேண்டும். வித்தியாசாலையும் கஞ்சித்தொட்டியும் ஒருவர் கையாலேயே நடந்தன. அவற்றுள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விடுவோர் நாவலரவர்களைப் பாதியே அறிந்தவராவர்.