வேலி போட்டது யார் என்று கேட்ட பண்டிதர்

கம்மாபுரம் பேருந்து நிறுத்தத்தில் அண்மையில் ஒரு மாணவரைச் சந்தித்தோம். மேல்நிலைப் பள்ளியில் அரசியல் அறிவியல் படிக்கிறார். பாடத்தில் ரூசோ வந்திருக்கிறார். ஜெனீவா நகரில் கடிகாரம் செய்யும் ஒருவரின் மகனாகப் பிறந்த ரூசோ, மனிதர்களிடையே ஏற்றத்தாழ்வு எப்படித் தோன்றியது என்று ஆராய்ந்து 1755இல் ஒரு நூல் வெளியிட்டார். வயது, உடல்வலு போன்ற வேறுபாடுகள் இயற்கை தந்தவை. சொத்திலும் அதிகாரத்திலும் மரியாதையிலும் உள்ள ஏற்றத்தாழ்வு மனிதர்கள் ஏற்படுத்திக்கொண்டது என்று அதில் பிரித்துக் காட்டினார். யாரோ ஒருவன் நிலத்தைச் சுற்றி வேலி போட்டு அது தன்னுடையது என்றான். சுற்றி இருந்தவர்கள் நம்பிவிட்டார்கள். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்பது அவருடைய விளக்கம்.

மாணவர் நம்மிடம் ஒரு சந்தேகம் கேட்டார். நிலத்துக்கு வேலி போட்டது புரிகிறது. எங்கள் ஊரில் ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் நடுவில் எந்த வேலியும் இல்லையே, அதை யார் பிரித்தது, எப்போது பிரித்தது என்றார். நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்விக்குப் பதில் தேடித் தன் வாழ்நாளைச் செலவிட்ட ஒரு தமிழர் இருந்தார். அவர் பண்டிதர் அயோத்திதாசர்.

காத்தவராயன் அயோத்திதாசர் ஆனார்

1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் சென்னையில் பிறந்தவர் அவர். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற ஆங்கில அதிகாரியிடம் சமையல் பொறுப்பில் இருந்தவர். வீட்டில் காத்து வைத்திருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை, ஆரிங்டன் வழியாக எல்லிஸ் துரையிடம் கொடுத்தவர் தம் பாட்டனார்தான் என்று பண்டிதரே பதிவு செய்திருக்கிறார். சமையல்காரர் வீட்டில் ஏடு இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். எழுத்தறிவே இல்லாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களிடம் தலைமுறை தலைமுறையாகக் கல்வி இருந்தது. பேரனின் தேடலுக்கு விதை அந்த ஏட்டில்தான் இருந்தது.

குடும்பம் நீலகிரிக்குக் குடிபெயர்ந்தது. காத்தவராயன் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் சித்த மருத்துவமும் கற்றார். தனக்குக் கற்பித்த ஆசிரியரின் பெயரையே தன் பெயராக ஏற்றுக்கொண்டார். சித்த வைத்தியத்தில் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தார். சிறுவயதில் கால் முடங்கிக் கிடந்த திரு.வி.க.வுக்கு மருத்துவம் பார்த்துக் குணமாக்கியவர் இவர்தான். அந்த நன்றியைத் திரு.வி.க. தன் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதி வைத்தார்.

நோயாளிக்கு மருந்து கொடுக்கும் முன் நோய் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது வைத்தியர் வழக்கம். சமூகத்தின் நோயையும் பண்டிதர் அப்படித்தான் அணுகினார்.

கோவில் கதவும் பள்ளிக் கதவும்

1891இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் உதகையில் அதன் மாநாடு கூடியது. கல்வி, அரசு வேலை, இழிவாகப் பேசுவோருக்குத் தண்டனை என்று பத்துத் தீர்மானங்கள் நிறைவேறின.

அடுத்த ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் சென்னை மகாஜன சபை கூடியபோது பண்டிதரும் போயிருந்தார். சிவன் கோவிலுக்கும் விஷ்ணு கோவிலுக்கும் எங்கள் மக்களை ஏன் விடுவதில்லை என்று அவையில் எழுந்து கேட்டார். தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த ஒரு பிரதிநிதி, உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கிறார்கள், சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்ல என்று பதில் சொன்னார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்பு வரை இலவசக் கல்வியும் ஊரில் கிடக்கும் தரிசு நிலமும் கொடுக்க வழி செய்யுங்கள் என்றார் பண்டிதர்.

கல்வியும் நிலமும். அந்த இரண்டைத்தான் கேட்டார். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அரசுக்கு அனுப்பிய அறிக்கை, ஒதுக்கப்பட்ட மக்கள் கையில் நிலம் இல்லாததை எடுத்துக் காட்டியது. அதன் பிறகு 1892இல் வந்த அரசாணைதான் இன்று நாம் பஞ்சமி நிலம் என்று பேசுவதற்கு அடிப்படை. ரூசோ சொன்ன வேலி நம் ஊர்களிலும் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

வேர் தேடிய பயணம்

ஆனால் நிலம் மட்டும் விளக்கம் ஆகாது என்று பண்டிதருக்குத் தெரிந்திருந்தது. நிலம் வாங்கியவனையும் படித்தவனையும் ஊர் ஏன் ஒதுக்குகிறது? அந்தக் கேள்வி அவரைப் பழைய நூல்களிடம் கொண்டு சென்றது. தமிழோடு வடமொழியும் பாலியும் படித்தார். நிகண்டுகளையும் நீதி நூல்களையும் புரட்டினார்.

1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று, சுமங்கல நாயக தேரரிடம் பௌத்த தீட்சை பெற்றார். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். கோலார் தங்கவயல், பெங்களூரு, திருப்பத்தூர் என்று கிளைகள் பரவின. பிழைப்புக்காக மக்கள் கப்பலேறிப் போன ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும்கூடக் கிளைகள் தோன்றின.

1907 ஜூன் 19ஆம் நாள் ஒரு பைசாத் தமிழன் என்ற வார இதழ் வெளிவந்தது. விலையே பெயரானது. கூலிக்காரரும் வாங்க வேண்டும் என்பதற்காக வைத்த விலை அது. அடுத்த ஆண்டு அது தமிழன் என்று பெயர் மாறியது. அதில் தொடராக அவர் எழுதியதுதான் இந்திரர் தேச சரித்திரம்.

அதன் சாரம் இதுதான். ஐம்புலன்களையும் வென்ற புத்தருக்கு இந்திரர் என்று ஒரு பெயர் உண்டு. அவர் வழி நடந்த மக்கள் வாழ்ந்ததால் இது இந்திரர் தேசம். அந்தணர், அரசர், வணிகர், வேளாளர் என்பவை அன்று தொழிலையும் ஒழுக்கத்தையும் குறித்த பெயர்கள். பிறப்பைக் குறித்தவை அல்ல. பின்னால் வெளியிலிருந்து வந்தவர்கள் அந்தணர் வேடம் போட்டு, அரசர்களையும் மக்களையும் நம்ப வைத்தார்கள். அந்த வேடத்தை ஊருக்குப் பறைந்தவர்கள், அதாவது வெளிப்படுத்திச் சொன்னவர்கள், பறையர் என்று இழிக்கப்பட்டார்கள். உண்மை பேசியதற்குக் கிடைத்த தண்டனையே தீண்டாமை என்பது பண்டிதரின் முடிவு.

இந்த விளக்கத்தில் உள்ள எல்லாவற்றையும் வரலாற்று ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்வதில்லை. சில சொற்களுக்கு அவர் தந்த பொருள் வலிந்து சொன்னதுபோல இருக்கும். ரூசோ சொன்ன வேலிக் கதையும் கண்ணால் கண்ட நிகழ்ச்சி அல்ல. இருவரும் சொன்னதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். ஏற்றத்தாழ்வுக்கு ஒரு தொடக்கம் உண்டு. தொடக்கம் உள்ளதற்கு முடிவும் உண்டு. பிறப்பிலேயே தலையில் எழுதியது என்றால் யாரும் எதுவும் செய்ய முடியாது. மனிதன் செய்தது என்றால் மனிதனால் மாற்ற முடியும்.

விருத்தாசலம் பீங்கான் சூளைகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரே மண்ணில்தான் பொம்மையும் வருகிறது, தேநீர்க் கோப்பையும் வருகிறது. சூளையில் எந்தக் கோப்பைக்கும் சாதி கிடையாது. டீக்கடையில் தனியாக ஒன்றை எடுத்து வைத்தவன்தான் அதற்குச் சாதி கொடுத்தான்.

அவரிடமும் இருந்த குறை

பண்டிதரைப் போற்றும் நாம் ஒன்றை மறைக்கக் கூடாது. தாழ்ந்தவர் வேறு, தாழ்த்தப்பட்டவர் வேறு என்று அவர் பிரித்து எழுதியதுண்டு. தோல் தொழிலும் துப்புரவுப் பணியும் செய்த மக்களைத் தள்ளி வைத்துப் பேசிய இடங்கள் அவர் எழுத்தில் உள்ளன. இதைத் தலித் எழுத்தாளர்களே கண்டித்திருக்கிறார்கள். வேலியின் வேரைத் தேடியவருக்குள்ளும் ஒரு சிறிய வேலி மிஞ்சி இருந்தது. அவரைவிடச் சின்னவர்களான நமக்குள் எத்தனை இருக்கும் என்று நாம்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் காலனிக்குள்ளேயே யார் வீட்டில் நாம் தண்ணீர் குடிப்பதில்லை என்று கேட்டுக்கொண்டால் விடை கிடைக்கும்.

அவருக்குப் பின்

1914 மே 5ஆம் நாள் பண்டிதர் காலமானார். மகன் பட்டாபிராமன் இதழைத் தொடர்ந்தார். பின்னர் கோலார் தங்கவயலில் ஜி.அப்பாதுரையார் அதை மீண்டும் நடத்தினார்.

பண்டிதர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1916இல், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது அம்பேத்கர் இந்தியாவில் சாதி எப்படித் தோன்றியது என்று ஒரு கட்டுரை படித்தார். 1948இல் வெளியிட்ட நூலில், தீண்டாமைக்கு ஆளானவர்கள் முன்பு பௌத்தர்களாக இருந்தவர்கள் என்று எழுதினார். பண்டிதரின் பௌத்த இயக்கத்தோடு இணைந்து நின்ற பேராசிரியர் லட்சுமி நரசு 1907இல் எழுதிய பௌத்த நூலை, அம்பேத்கர் அதே 1948இல் முன்னுரை எழுதி மறுபதிப்புச் செய்தார். பண்டிதர் பௌத்தம் தழுவி 58 ஆண்டுகள் கழித்து நாகபுரியில் அம்பேத்கரும் தழுவினார்.

நீண்ட காலம் மறக்கப்பட்டிருந்த பண்டிதரின் எழுத்துகளை ஞான.அலாய்சியஸ் தொகுக்க, 1999 முதல் அவை நூலாக வந்தன. 2005இல் அஞ்சல் தலையும் வெளிவந்தது.

அந்த மாணவருக்கு நாம் சொன்னதையே இங்கும் சொல்கிறோம். ரூசோவைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். அவருக்குப் பக்கத்தில் அயோத்திதாசரையும் அம்பேத்கரையும் வைத்துப் படியுங்கள். பிறகு உங்கள் ஊரையே ஒரு நூலாக எடுத்துக்கொள்ளுங்கள். காலனி எந்தத் திசையில் இருக்கிறது, சுடுகாட்டுப் பாதை யார் நிலத்தின் வழியாகப் போகிறது, ஏரித் தண்ணீர் முதலில் யார் வயலுக்குப் பாய்கிறது, நூறு ஆண்டுக்கு முன் அந்த நிலம் யார் பெயரில் இருந்தது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். பாட்டன் காத்த ஓலைச்சுவடி பேரனைப் பண்டிதர் ஆக்கியது. நீங்கள் எழுதி வைக்கும் நோட்டு உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குப் பயன்படும்.