மரணப் படுக்கையில் சாட்சி சொன்ன டாக்டர்

தேவர்களும் அசுரர்களும் பாற்கடலைக் கடைந்த கதை எல்லோருக்கும் தெரியும். கடலிலிருந்து நஞ்சும் வந்தது, அமுதமும் வந்தது. அந்த அமுதக் குடமே திருக்கடையூரில் லிங்கமாக நிலைத்தது என்பது தல வரலாறு.

ஆனால், மனிதனே கடலில் நஞ்சைக் கலந்தால் என்ன ஆகும்? ஜப்பான் நாட்டில் அது நடந்தது. அந்த உண்மையைக் கண்ணால் கண்டவர் ஒரு டாக்டர். அவர் பெயர் ஹஜிமே ஹோசோகாவா.

கம்பெனி டாக்டர்

ஹோசோகாவா 1901-ம் ஆண்டு பிறந்தார். டோக்கியோவில் டாக்டருக்குப் படித்தார். "சிசோ" என்ற ரசாயனக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். மினமாட்டா என்ற கடற்கரை ஊரில் அந்தக் கம்பெனிக்குப் பெரிய தொழிற்சாலை இருந்தது. அங்குள்ள கம்பெனி ஆஸ்பத்திரிக்கு அவர் தலைவரானார்.

அந்த ஊரில் பூனைகள் திடீரென்று வெறி பிடித்தாற்போல் சுழன்று ஆடின. கடலில் விழுந்து செத்தன. ஊரார் வியந்தார்கள். காரணம் தெரியவில்லை.

1956 ஏப்ரல் மாதம், 5 வயதுச் சிறுமி ஒருத்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். அவளால் நடக்க முடியவில்லை. பேச்சும் குழறியது. சில நாட்களில் அவளுடைய தங்கைக்கும் அதே நோய் வந்தது.

மே 1-ந் தேதி, இனந்தெரியாத மூளை நோய் பரவுகிறது என்று ஹோசோகாவாவின் ஆஸ்பத்திரி சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்தது. நோயாளிகளில் பெரும்பாலோர் மீனவக் குடும்பத்தினர். தினமும் மீன் சாப்பிட்டவர்கள்.

மீன் வழியே வந்த நஞ்சு

தொழிற்சாலையில் பாதரசம் உபயோகித்தார்கள். கழிவு நீர் கடலில் கலந்தது. பாதரசத்தை நுண்ணுயிர்கள் உட்கொண்டன. அவற்றைச் சிறு மீன் தின்றது. சிறு மீனைப் பெரிய மீன் தின்றது. ஒவ்வொரு படியிலும் நஞ்சு பெருகியது. கழுவினாலும் வேக வைத்தாலும் அது போகாது. மனிதன் உடலில் புகுந்து மூளையைத் தாக்கியது. தாயின் வயிற்றிலிருந்த சிசுவையும் அது விடவில்லை.

400-வது பூனை

1959-ல் ஹோசோகாவா ஒரு சோதனை செய்தார். தொழிற்சாலைக் கழிவு நீரை உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்து வந்தார். அதன் எண் 400. அக்டோபர் மாதம் அந்தப் பூனைக்கு வலிப்பு கண்டது. மீனவர்களுக்கு வந்த அதே நோய்!

கம்பெனி மேலதிகாரிகளிடம் சொன்னார். அவர்கள் அந்தச் சோதனைக்குத் தடை போட்டார்கள். விஷயம் வெளியே வரவில்லை. ஹோசோகாவாவும் வாய் திறக்கவில்லை.

அந்த டிசம்பரில் கம்பெனி நோயாளிகளுக்குச் சிறு தொகை கொடுத்தது. தொழிற்சாலையே காரணம் என்று பின்னால் தெரிந்தாலும், மேற்கொண்டு நஷ்டஈடு கேட்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக் கொண்டது. பூனையின் கதையை அந்த ஏழைகள் அறிய மாட்டார்கள். 1968 வரை கழிவு வெளியேறிக் கொண்டே இருந்தது.

கடைசிக் கடமை

நோயாளிகள் வழக்குத் தொடர்ந்தார்கள். அப்போது ஹோசோகாவா புற்றுநோயால் படுத்த படுக்கையாக இருந்தார். 1970 ஜூலை மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே சாட்சியம் அளித்தார். பூனையின் கதையை மறைக்காமல் சொன்னார். அக்டோபர் மாதம் காலமானார்.

1973 மார்ச் 20-ந் தேதி ஏழைகளுக்கு வெற்றி கிடைத்தது. அந்த நோய் கண்டதாக அரசாங்கம் ஒப்புக்கொண்டவர்கள் மட்டும் 2,200 பேருக்கு மேல். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-ல் உலக நாடுகள் செய்த உடன்படிக்கைக்கு மினமாட்டாவின் பெயரே சூட்டப்பட்டது. இந்தியா 2018-ல் அதை ஏற்றது.

திருக்கடையூரை அடுத்த தரங்கம்பாடிக் கடற்கரையிலும் மீனே பலருக்குப் பிழைப்பு. மீன் நல்ல உணவுதான். மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களில் பாதரசம் குறைவு. பெரிய சுறாவில் அதிகம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் பெரிய சுறாவைத் தவிர்ப்பது நல்லது.

ஹோசோகாவா கடைசியில் உண்மையைச் சொன்னார். அதைப் 10 ஆண்டுகளுக்கு முன்பே ஊரறியச் சொல்லியிருந்தால், எத்தனையோ குழந்தைகள் தப்பியிருக்கும்!