ஜேம்ஸ் வில்சன்

ஜேம்ஸ் வில்சன் (ஜூன் 3, 1805 - ஆகஸ்ட் 11, 1860) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வணிகர், பொருளியலாளர், அரசியலாளர் ஆவார். தி எகானமிஸ்ட் இதழைத் தொடங்கியவர். பிரித்தானிய இந்தியாவின் முதல் நிதி உறுப்பினராகப் பொறுப்பேற்று, 1860 ஆம் ஆண்டு நாட்டின் முதல் வரவு செலவுத் திட்டத்தை அளித்தார். இந்தியாவில் வருமான வரியை அறிமுகப்படுத்தியவரும் இவரே.

இளமையும் வணிகமும்

ஸ்காட்லாந்தின் எல்லைப் பகுதியிலுள்ள ஹாயிக் என்னும் ஊரில் குவேக்கர் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை கம்பளித் தொழில் நடத்தியவர். 16 ஆம் அகவையில் தொப்பி செய்யும் தொழிலைக் கற்கத் தொடங்கிய வில்சன், பின்னர் லண்டன் சென்று அதையே வணிகமாக நடத்தினார். 1837 ஆம் ஆண்டு நெருக்கடியின்போது அவுரி வணிகத்தில் செய்த முதலீட்டால் செல்வத்தின் பெரும்பகுதியை இழந்தார். பிறர் பணத்தைக் கணக்கிட வந்தவர் தம் பணத்தை இழந்த பட்டறிவுடன் வந்தார் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

1843 இல் தானியச் சட்டங்களை எதிர்த்தும் கட்டற்ற வணிகத்தை ஆதரித்தும் தி எகானமிஸ்ட் இதழை நிறுவினார். 1847 இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1853 முதல் 1858 வரை பிரித்தானியக் கருவூலத்தின் நிதிச் செயலாளராகப் பணியாற்றினார்.

இந்தியாவில்

1857 கிளர்ச்சியை அடக்குவதற்கான படைச் செலவால் இந்திய அரசின் கடன் ஏறத்தாழ 3.8 கோடி பவுண்டுகள் கூடியிருந்தது. கடனைவிடப் பெரிய சிக்கல் கணக்கு முறையில் இருந்தது. செலவுகளுக்குத் தனித்தனியே ஒப்புதல் பெறப்பட்டதே தவிர, ஆண்டு முழுமைக்குமான மதிப்பீட்டை முன்கூட்டியே வகுத்து, அதைச் செலவின் வரம்பாகக் கொள்ளும் வழக்கம் இல்லை. எவ்வளவு செலவாயிற்று என்பது செலவாகி நெடுநாள் கழித்தே தெரியவந்தது. இதைச் சீர்செய்யவே வில்சன் அனுப்பப்பட்டார். 1859 நவம்பர் இறுதியில் கல்கத்தா வந்தடைந்தார்.

1860 பெப்ரவரி 18 அன்று சட்டமன்றத்தில் தம் நிதிநிலை அறிக்கையை அளித்தார் (ஏப்ரல் 7 என்றும் பல இடங்களில் குறிக்கப்படுகிறது). துறைகள் தம் தேவையை ஆண்டுத் தொடக்கத்திலேயே மதிப்பிட்டுத் தரவேண்டும், ஒப்புதல் பெற்ற தொகைக்குள் செலவிட வேண்டும், செலவு தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்பனவே இவர் கொணர்ந்த முறையின் சாரம். அன்றைய நிதியாண்டு மே மாதம் தொடங்கியது. ஏப்ரல் 1 என்பது 1867 இல் வந்தது.

வருமான வரியும் சென்னை ஆளுநரின் எதிர்ப்பும்

ஆண்டு வருமானம் 200 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை 2 விழுக்காடும், அதற்கு மேல் 4 விழுக்காடும் வரியாக ஐந்தாண்டுகளுக்கு விதிக்கப்பட்டது. இவ்வரி இந்தியாவுக்குப் புதியதன்று என்று காட்ட வில்சன் மனுநூலைத் துணைக்கழைத்தார். எனினும் வரியை ஏற்ற அந்தச் சட்டமன்றத்தில் அப்போது இந்தியர் ஒருவர்கூட இல்லை.

கடுமையான எதிர்ப்பு சென்னையிலிருந்து வந்தது. சென்னை மாகாண ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெல்யன், வில்சனுடன் லண்டன் கருவூலத்தில் ஒரே காலத்தில் பணியாற்றியவர். புதிய வரிகள் மக்களின் வெறுப்பை வளர்க்கும், படைச் செலவைக் குறைத்தாலே பற்றாக்குறை தீரும் என்பது அவர் வாதம். இதை அரசுக்குள் எழுதியதோடு நில்லாமல் நாளிதழ்களிலும் வெளியிடச் செய்தார். நடுவண் அரசை வெளிப்படையாக எதிர்த்ததற்காக 1860 இல் திருப்பி அழைக்கப்பட்டார். டிரெவெல்யனின் முறை தவறாயினும் வாதம் முற்றிலும் தவறென்று சொல்வதற்கில்லை. படைச் செலவை ஆராய வில்சனும் ஒரு குழுவை அமைத்திருந்தார்.

மறைவும் பின்னரும்

வருமான வரிச் சட்டம் 1860 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே வில்சன் வயிற்றுக்கடுப்பு நோயால் கல்கத்தாவில் இறந்தார். இந்தியாவில் அவர் வாழ்ந்தது ஒன்பது மாதங்களுக்கும் குறைவு. அவர் முன்மொழிந்த அரசுத் தாள் நாணயத் திட்டம், அவருக்குப் பின் வந்த சாமுவேல் லெயிங் செய்த மாற்றங்களுடன் 1861 இல் சட்டமாயிற்று. 1860 நவம்பரில் முதல் தலைமைத் தணிக்கையாளராக டிரம்மண்ட் பொறுப்பேற்றார். இன்றைய இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறை தன் தொடக்கத்தை அங்கிருந்தே கணக்கிடுகிறது.

லண்டனில் எகானமிஸ்ட் ஆசிரியர் பொறுப்பை 1861 இல் இவருடைய மருமகன் வால்ட்டர் பேஜட் ஏற்றார். டிரெவெல்யன் 1863 இல் வில்சன் வகித்த அதே நிதி உறுப்பினர் பதவியில் கல்கத்தாவுக்குத் திரும்பினார். 1865 இல் ஐந்தாண்டுக் காலம் முடிந்தபோது வருமான வரியை நீட்டிக்காமல் விட்டவர் அவரே.