கோயில் கட்டியவருக்கே பாட இடமில்லை!

 

திருவையாறு தியாகராஜர் ஆராதனையை நீங்கள் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். காவிரிக் கரையில் பெரிய பந்தல் போட்டு, பாடகர்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் ஒரே குரலாகப் பாடுவார்கள். ஆண்களும் பெண்களும் சேர்ந்தே பாடுவார்கள். அந்தச் சமாதிக் கோயிலைக் கட்டியது யார் தெரியுமா? ராஜாவும் இல்லை, ஜமீன்தாரும் இல்லை. ஒரு பெண். அவர் பெயர் பெங்களூர் நாகரத்தினம்மாள். எனக்கு மிகவும் பிடித்த இவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நாகரத்தினம்மாள் 1878ஆம் ஆண்டு மைசூர்ப் பகுதியில் நஞ்சன்கூடு அருகே பிறந்தார். தேவதாசி குலம். அப்பா ஆதரவு இல்லை. அம்மா புட்டுலட்சுமிதான் கஷ்டப்பட்டு மகளுக்குப் பாட்டும் படிப்பும் சொல்லிக்கொடுக்க வைத்தார். அந்த அம்மாவும் சீக்கிரமே இறந்துபோனார். ஆனாலும் நாகரத்தினம்மாள் மனசு தளரலை. கன்னடம், தெலுங்கு, சமஸ்கிருதம் எல்லாம் கற்றார். பிறகு சென்னைக்கு வந்து பெரிய பாடகி ஆனார். ஊர் ஊராகக் கச்சேரி செய்து நிறையச் சம்பாதித்தார்.

முத்துப்பழனி என்ற பெண் கவிஞர் எழுதிய தெலுங்கு நூலை இவர் 1910இல் தேடிப் பிடித்து முழுசாக அச்சிட்டார். ஆங்கிலேய அரசு அதைத் தடை செய்தது. 1947இல்தான் தடை நீங்கியது. அதுவரை இவர் உயிரோடு இருந்து அதையும் பார்த்தார்!

இனி திருவையாற்றுக் கதைக்கு வருவோம். தியாகராஜர் 1847இல் மறைந்தார். அவர் சமாதி சரியான கவனிப்பு இல்லாமல் கிடக்கிறது என்று 1921இல் குருநாதர் பிடாரம் கிருஷ்ணப்பா மூலம் நாகரத்தினம்மாளுக்குத் தெரிந்தது. மற்றவர்களாக இருந்தால் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பார்கள். இவர் நேரே திருவையாறு போனார். நிலத்தை வாங்கினார். தன் நகைகளை விற்றார். சென்னையில் இருந்த வீட்டையும் விற்றார். அந்தக் காசில் சமாதிக்குக் கோயில் எழுப்பி, தியாகராஜருக்குச் சிலையும் வைத்தார். 1925 ஜனவரியில் கும்பாபிஷேகம் நடந்தது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அப்போது ஆராதனையை நடத்தியவர்கள் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்திருந்தார்கள். இரண்டு கட்சிக்கும் எதிலும் ஒத்துப்போகாது. ஆனால் பெண்கள் பாடக் கூடாது என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள்! பணம் போட்டுக் கோயில் கட்டியவர் நாகரத்தினம்மாள். அங்கே நடக்கும் விழாவில் பாட அவருக்கே அனுமதி இல்லை. இது என்ன நியாயம்?

அவர் அழுதுகொண்டு ஊருக்குத் திரும்பிவிடவில்லை. கட்டிய கோயிலைப் பூட்டவும் இல்லை. பெண் கலைஞர்களை எல்லாம் ஒன்று சேர்த்தார். முன்பக்கம் அவர்கள் பாடட்டும் என்று, சமாதியின் பின்பக்கத்தில் தனியாக விழா நடத்தினார். அதற்குப் பெண்கள் கட்சி என்று பெயர். வருஷா வருஷம் விடாமல் நடத்தினார். பெரியவர்கள் சிலர் சமாதானம் பேசி, 1941இல் மூன்று கட்சிகளும் ஒன்றாகி ஒரே விழாவாக நடந்தது. அன்றிலிருந்து பெண்களும் ஆண்களோடு சமமாக உட்கார்ந்து பாடுகிறார்கள்.

கடைசிக் காலத்தில் திருவையாற்றிலேயே தங்கிவிட்டார். மிச்சமிருந்த சொத்தையும் சமாதிக்கே எழுதிவைத்தார். 1952 மே 19 அன்று காலமானார்.

சண்டை போடாமல், விட்டும் கொடுக்காமல் ஜெயிக்க முடியும் என்று நான் இவரிடம் கற்றுக்கொண்டேன். நம் வகுப்பிலேயே பேச்சுப் போட்டி, விளையாட்டு என்று வந்தால், இது உனக்கு வராது, அது உனக்கு வேண்டாம் என்று யாராவது சொல்லத்தான் செய்கிறார்கள். அப்போது இந்த அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் இடம் இல்லையா? பின்பக்கம் ஆரம்பிப்போம்!

நீங்கள் திருவையாறு போனால், தியாகராஜர் சமாதிக்கு எதிரே நாகரத்தினம்மாளின் சமாதியும் இருக்கும். அவர் சிலை கைகூப்பி உட்கார்ந்திருக்கும். அங்கேயும் ஒரு நிமிஷம் நின்று கும்பிட்டுவிட்டு வாருங்கள்.



– 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி