பத்தாயிரம் பிள்ளைகளின் தகப்பன்



ஊழியம், ஊழியம் என்று ஓடி வீட்டை மறந்துபோன நாட்கள் எனக்கும் உண்டு. ஜெபக்கூட்டம் முடிந்து ராத்திரி பதினொரு மணிக்கு வருவேன். மனைவி சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருப்பாள். கர்த்தருக்காகத்தானே ஓடுகிறோம் என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன். அந்தப் பொய்த் தேறுதலை உடைத்தது ஜார்ஜ் முல்லரின் ஜீவியம்.

முல்லர் 1805-ல் பிரஷ்யா தேசத்தில் பிறந்தார். தகப்பன் வரி வசூலிக்கும் உத்தியோகஸ்தர். அவர் கையிலிருந்த அரசாங்கப் பணத்தைச் சின்ன வயசிலேயே திருடினவர் இந்த முல்லர். 16 வயதில் விடுதியில் தங்கிவிட்டுப் பணம் கொடுக்க முடியாமல் ஜெயிலுக்கும் போனார். அப்படிப்பட்டவரை 1825-ல் ஹாலே பட்டணத்தில், ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் கர்த்தர் சந்தித்தார். அல்லேலூயா! எடுத்த கை, கொடுக்கிற கையாக மாறியது.

1829-ல் இங்கிலாந்துக்கு வந்தார். மறுவருஷம் மேரி குரோவ்ஸ் அம்மையாரை விவாகம் செய்தார். சித்தூரில் ஊழியம் செய்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸின் தங்கை இவர். நம் திருநெல்வேலிச் சீமையின் எழுப்புதல் ஊழியர் அருளப்பன் ஐயாவும் அந்தக் குரோவ்ஸோடு ஊழியம் பழகினவர்தான். கல்யாணமான அதே வருஷம் புருஷனும் மனைவியும் ஒருமனப்பட்டு, சபை தந்த சம்பளத்தை விட்டார்கள். இனி தேவையை மனுஷரிடம் சொல்வதில்லை, கர்த்தரிடம் மட்டுமே சொல்வது என்று தீர்மானித்தார்கள்.

1836-ல் பிரிஸ்டல் நகரத்தில் ஒரு வாடகை வீட்டில் அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். 1870-க்குள் ஆஷ்லி டவுன் மேட்டில் ஐந்து பெரிய கட்டடங்கள், 2000-க்கும் அதிகமான பிள்ளைகளுக்கு இடம்! முல்லர் காலத்தில் அங்கே வளர்ந்த பிள்ளைகள் 10,000-க்கும் மேல். தமக்கென்று வந்த காணிக்கையிலும் 81,000 பவுனுக்கு மேல் அள்ளிக் கொடுத்துவிட்டார். 1898-ல் 92 வயதில் மரித்தபோது அவருடைய ஆஸ்தி, தட்டுமுட்டுச் சாமான்களையும் சேர்த்து, 170 பவுன்கூடத் தேறவில்லை.

இவ்வளவு பெரிய ஊழியம் செய்தவருக்கு வீட்டுக்கு ஏது நேரம் என்று கேட்பீங்க. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் முல்லர் மனைவியைச் சோபாவில் உட்காரவைத்து, அவர் கையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, இருபது முப்பது நிமிஷம் கூடவே இருப்பாராம். அந்த அம்மா வேலையில் தேய்ந்துபோகாமல் கொஞ்சம் இளைப்பாற வேண்டும் என்பதற்காகவே! ஏனென்றால் பிள்ளைகளின் துணிமணி, படுக்கை, கணக்கு எல்லாவற்றையும் பார்த்தது மேரி அம்மையார்தான். வேலை எவ்வளவு குவிந்திருந்தாலும் முல்லர் அந்த நேரத்தைத் தட்டிக்கழிக்கவில்லை.

அந்த வீட்டில் கண்ணீரும் இருந்தது. ஒரே மகன் எலியா, ஒன்றேகால் வயதில், 1835-ல் மரித்துப்போனான். 1853-ல் மகள் லிதியாள் கடும் காய்ச்சலில் மரணத்தின் வாசல்வரை போனாள். ஊரார் பிள்ளைகளுக்காக மன்றாடின அதே முழங்கால்கள் சொந்தப் பிள்ளைக்காகவும் முடங்கின. கர்த்தர் அவளைத் திரும்பக் கொடுத்தார். 1870-ல் மேரி அம்மையார் நித்திரையடைந்தபோது, 39 வருஷம் கூட நடந்த துணைக்கு முல்லரே அடக்க ஆராதனைப் பிரசங்கம் செய்தார். சங்கீதம் 119:68-ஐ எடுத்து, துக்கத்தின் நடுவிலும் கர்த்தருடைய நன்மையைச் சாட்சி சொன்னார்.

பிரியமானவர்களே, சபைக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டு வீட்டில் ஒரு நல்ல வார்த்தைக்குக் கஞ்சத்தனம் பண்ணுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? முல்லருடைய உதாரத்துவம் வீட்டுக்குள்ளேதான் ஆரம்பித்தது. தன் வீட்டில் தகப்பனாக இருக்கத் தெரிந்தவரை, கர்த்தர் பத்தாயிரம் பேருக்குத் தகப்பனாக்கினார்.

இதைப் படித்த அன்று நான் சீக்கிரமாக வீடு திரும்பி, மனைவி பக்கத்தில் உட்கார்ந்தேன். உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று கேட்டாள்! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இன்றைக்கே இருபது நிமிஷம் கொடுத்துப் பாருங்கள். கர்த்தர் உங்கள் வீட்டையும் கையையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.