சாவித்திரிபாய் சுமந்த தூரம்

ஒவ்வோர் ஆண்டும் சனவரி 3 அன்று சாவித்திரிபாய் புலேவை நாம் கொண்டாடுகிறோம். பெண்களுக்கும் தீண்டப்படாதோர் என ஒதுக்கப்பட்ட மக்களுக்கும் கல்விக் கதவைத் திறந்த ஆசிரியராக அவரைப் போற்றுகிறோம். அவர் மறைந்த மார்ச் 10 அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. 1897ஆம் ஆண்டு அந்நாளில் அவர் பிளேக் நோயால் இறந்தார். நோயுற்ற சேரிச் சிறுவன் ஒருவனை மருத்துவமனைக்குச் சுமந்து சென்றபோது அந்நோய் அவரைத் தொற்றியது. அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்புதான், பிப்ரவரி 4 அன்று, பிரித்தானிய இந்திய அரசு தொற்றுநோய்கள் சட்டத்தை இயற்றியிருந்தது. அந்தச் சட்டத்தையும் அந்த மரணத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், புலம்பெயர் தொழிலாளர்க்கும் அகதிகளுக்கும் இன்றும் மருத்துவம் எட்டாமல் இருப்பதன் காரணம் புலப்படும். அதற்காகவே அவரது வாழ்க்கையை இங்கே அதன் இறுதி நாளை நோக்கிச் சொல்ல முற்படுகிறோம்.

சாவித்திரிபாய் 1831இல் சதாரா மாவட்டத்தின் நைகாவ் சிற்றூரில், பூச்செடி வளர்க்கும் மாலி சமூகத்தில் பிறந்தார். 1840இல், ஒன்பது வயதில், அவருக்கும் 13 வயது ஜோதிராவுக்கும் திருமணம் நடந்தது. அவர் எழுதப் படிக்கக் கற்றது அதற்குப் பிறகுதான். 1848இல் புனே நகரின் பிடே வாடாவில் சிறுமியர்க்கான பள்ளி தொடங்கப்பட்டபோது அவரும் அதில் ஆசிரியரானார். பள்ளிக்குச் செல்லும் வழியில் அவர்மீது சேற்றையும் சாணத்தையும் வீசினார்கள். மாற்றிக்கொள்ள இன்னொரு புடவையை அவர் கையோடு எடுத்துச் சென்ற செய்தியை நாம் அனைவரும் அறிவோம்.

அதே காலத்தில் நடந்த இன்னொன்றும் நமக்கு முக்கியமானது. பள்ளி நடத்தியதற்காக 1849இல் அந்த இணையர் ஜோதிராவின் தந்தையின் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவர்களுக்கு இடம் கொடுத்தவர் உஸ்மான் ஷேக் என்னும் இசுலாமியர். தங்க இடமின்றி இன்னொருவர் வாசலில் நிற்பது எத்தகையது என்பதை சாவித்திரிபாய் தம் 18ஆம் வயதிலேயே அறிந்திருந்தார். பின்னாளில் அவரது வீடே பிறருக்குப் புகலிடமானது. சொந்தக் குடும்பத்தாரால் கைவிடப்பட்ட பார்ப்பனக் கைம்பெண்கள் பாதுகாப்பாக மகப்பேறு காண்பதற்கென 1863இல் புலே இணையர் ஓர் இல்லத்தைத் தொடங்கினர். 1868இல் தம் வீட்டுக் கிணற்றைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட்டனர். 1873இல் ஜோதிராவ் நிறுவிய சத்தியசோதக் சமாஜத்தின் பணிகளில் சாவித்திரிபாயும் முன்னின்றார். அடுத்த ஆண்டு, அந்த இல்லத்துக்கு வந்த காசிபாய் என்ற கைம்பெண்ணின் மகனை அவர்கள் தத்தெடுத்தார்கள். யஷ்வந்த் என்ற அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவரானார்.

1876 முதல் 1878 வரை தக்காணத்தையும் தென்னிந்தியாவையும் பெரும்பஞ்சம் வாட்டியது. 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிழைக்க வழியற்றவர்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டு வெளியேறினார்கள். சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணப் பணியாளரின் நாள் கூலியைச் சுருக்கினார். அதில் தானியத்தின் அளவு ஒரு பவுண்டாக, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவாகக் குறைந்தது. தூரச் சோதனை என்ற பெயரில் இன்னொரு விதியும் புகுத்தப்பட்டது. வீட்டிலிருந்து 10 மைலுக்கு அப்பால் உள்ள முகாமுக்கு நடந்து வரத் துணிபவரே உண்மையில் பசித்தவர் என்பது அதன் தருக்கம். நடக்க இயலாதவர் பசித்தவராகவே கருதப்படவில்லை.

சாவித்திரிபாயும் சத்தியசோதக் தோழர்களும் இதற்கு எதிர்த்திசையில் நடந்தனர். 1877 ஏப்ரலில் அவர் ஜுன்னர் பகுதியின் ஓதூரில் தங்கி, ஊர் ஊராகச் சென்று உதவிக் குழுக்களை அமைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து ஜோதிராவுக்கு எழுதிய கடிதத்தில், மக்கள் ஊரைவிட்டு வெளியேறுவதையும் வட்டிக்காரர்களின் சுரண்டலையும் விவரித்திருக்கிறார். அப்பகுதியில் கலவரம் மூண்டபோது சத்தியசோதக் தொண்டர்கள் 50 பேர் பிடித்துச் செல்லப்பட்டனர். அவர் மாவட்ட ஆட்சியரை நேரில் சந்தித்து வாதிட்டு அவர்களை விடுவித்தார். அதோடு நிற்காமல், நான்கு வண்டிச் சோளமும் அந்த ஆட்சியரிடமிருந்து மக்களுக்குக் கிடைத்தது. பஞ்சத்தில் ஆதரவிழந்த பிள்ளைகளுக்கு உணவளிக்கும் விடுதிப் பணியிலும் அவர் ஈடுபட்டார். இடம்பெயர்ந்தவரைத் தேடி உதவி செல்ல வேண்டும் என்பதை அவர் நடைமுறையில் கற்றது இந்தக் காலத்தில்தான்.

1890 நவம்பரில் ஜோதிராவ் இறந்தார். இறுதிச் சடங்கில் தீச்சட்டியை யார் ஏந்துவது என்று உறவினர்கள் சச்சரவிட்டபோது, சாவித்திரிபாயே அதை ஏந்தி முன்னே நடந்தார். அதன்பின் இயக்கத்தையும் தாங்கினார். 1893இல் சாஸ்வடில் கூடிய சத்தியசோதக் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார்.

1896இல் பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் கண்டறியப்பட்டது. அந்நகரின் பஞ்சாலைகளை இயக்கியவர்கள் கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த உழைப்பாளர்கள். காற்றும் வெளிச்சமும் புகாத சால் எனப்படும் ஒற்றை அறைக் குடியிருப்புகளில் அவர்கள் நெருங்கி வாழ்ந்தனர். எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவும் நோய்க்கு அதைவிட வசதியான இடம் தேவையில்லை. சில மாதங்களுக்குள் லட்சக்கணக்கானோர் நகரைவிட்டு ஊர் திரும்பினார்கள். எஞ்சியவர்களிடையே பணியாற்றியவர்களுள் ஒருவர் நாராயண் மேகாஜி லோகண்டே. சத்தியசோதக் இயக்கத்தைச் சேர்ந்த இவர்தான் 1884இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தவர். ஞாயிறு விடுமுறைக்காகப் போராடி வென்றவர். நோயுற்ற தொழிலாளர்க்குத் தொண்டாற்றி வந்த அவர் 1897 பிப்ரவரி 9 அன்று பிளேக்குக்குப் பலியானார். தொற்றுநோய்கள் சட்டம் பிறந்து அப்போது ஐந்து நாள்களே ஆகியிருந்தன.

நான்கே பிரிவுகள் கொண்ட அந்தச் சட்டத்தைச் சட்ட மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். இரயிலிலும் பிற வழிகளிலும் பயணம் செய்வோரைச் சோதிக்கவும், நோய் இருப்பதாக ஐயுறப்படுவோரைப் பிரித்து அடைத்து வைக்கவும் அது அரசுக்கு அதிகாரம் தந்தது. மீறுவோருக்குத் தண்டனை வகுத்தது. சட்டத்தின்கீழ் நல்லெண்ணத்துடன் செயல்பட்ட எவர்மீதும் வழக்குத் தொடுக்கக் கூடாது என்றது. நோயாளிக்கு மருத்துவம் அளிப்பது அரசின் கடமை என்று ஒரு வரியும் அதில் இல்லை. பயணம் செய்யும் ஏழையைச் சிகிச்சை வேண்டி நிற்கும் மனிதராக அது காணவில்லை. நோயைக் கொண்டுவரும் ஆளாகவே கண்டது.

அச்சட்டம் நடைமுறைக்கு வந்த அதே வாரங்களில் நோய் புனேயிலும் பரவியது. இராணுவ மருத்துவப் பணியில் இருந்த யஷ்வந்த் தாயின் அழைப்பை ஏற்று விடுப்பில் வந்தார். நகருக்கு வெளியே, ஹடப்சர் அருகில் சசானே மளா என்ற தோட்டப் பகுதியில் ஒரு மருத்துவ மனையைத் திறந்தார். பிளேக்கைக் குணப்படுத்தும் மருந்து அன்று உலகில் எங்கும் இல்லை. தூய்மையான இடம், தண்ணீர், கஞ்சி, இரவும் பகலும் உடனிருந்து பார்க்கும் ஆள் ஆகியவைதாம் உயிர் பிழைக்க ஓரளவேனும் வழி. ஊராலும் உறவாலும் கைவிடப்பட்டவர்க்கு அவை நான்குமே கிடைக்காதவை. அறுபத்தாறு வயதான சாவித்திரிபாய் அவற்றைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

முண்ட்வா ஊருக்கு வெளியே இருந்த மகர் சேரியில் ஒரு சிறுவனுக்கு நோய் கண்டிருப்பதாக அவருக்குச் செய்தி வந்தது. அவர் அங்கு சென்று அவனைத் தம் முதுகில் சுமந்துகொண்டு மருத்துவ மனைக்கு நடந்தார். சிறுவன் பிழைத்தான். அவரை நோய் பற்றியது. மார்ச் 10 இரவு அவர் உயிர் பிரிந்தது. தொட்டாலே தீட்டு எனச் சாதி விலக்கிய உடல் அது. தொட்டால் சாவு என நோயும் எச்சரித்த உடல். இரண்டு அச்சங்களும் ஒருசேர நின்ற இடத்தில் அவர் அந்தச் சிறுவனைத் தூக்கினார்.

புனே பிளேக் என்றதும் பாடநூல்கள் நமக்கு நினைவூட்டுவது வேறொரு சாவு. வீடு வீடாகப் படையினரை அனுப்பிச் சோதனை நடத்திய அதிகாரி ராண்ட், சாபேகர் சகோதரர்களால் 1897 ஜூன் 22 அன்று சுடப்பட்ட நிகழ்வு அது. அந்தச் சோதனைகளின் கொடுமை உண்மையே. அதற்கு எதிரான சினமும் புரிந்துகொள்ளத் தக்கதே. ஆயினும் வீட்டுக்குள் அந்நியர் நுழைந்த அவமானம் வரலாறானது. சேரிக்குள் எந்த மருத்துவரும் நுழையாத அவமானம் வரலாறாகவில்லை. அதனால்தான் சாவித்திரிபாயின் மரணமும் நெடுங்காலம் வரலாற்றின் விளிம்பிலேயே கிடந்தது.

1897ஆம் ஆண்டுச் சட்டம் விடுதலைக்குப் பிறகும் நீடித்தது. 2020 மார்ச்சில் மாநில அரசுகள் கையிலெடுத்ததும் அதையே. அந்நாள்களில் நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளர்கள் மீது உத்தரப்பிரதேசத்தின் பரேலியில் கிருமிநாசினி கலந்த நீரைப் பீய்ச்சியடித்தனர். நோயைக் கொண்டுவரும் ஆள் என்ற அதே பழைய பார்வைதான் அது.

இதற்கு மாறான சட்டங்களும் நம்மிடம் உண்டு. மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர்க்கு ஒப்பந்ததாரர் இலவச மருத்துவ வசதி அளிக்க வேண்டும் என 1979ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. இரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட வேளாண் தொழிலாளி ஒருவரை மேற்கு வங்க அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அவசர சிகிச்சையை மறுப்பது அரசமைப்பின் 21ஆம் உறுப்பை மீறுவதாகும் என அது வகுத்தது. அந்த உறுப்பு குடிமக்களை மட்டும் குறிப்பதன்று. எந்த மனிதருக்கும் உரியது. ஆகவே அகதிக்கும் அது உண்டு.

ஆயினும், குடும்ப அட்டை எந்த மாநிலத்தது, முகவரிச் சான்று எங்கே, உடன் வந்திருப்பவர் யார் என்ற கேள்விகளில் இந்த உரிமை மருத்துவமனை வாயிலிலேயே நின்றுவிடுவதை எங்கள் பணியில் தொடர்ந்து காண்கிறோம். வலியைச் சொல்ல மொழி இல்லாதவர், ஒரு நாள் கூலியை இழக்க முடியாதவர், சூளையிலும் கட்டுமானத் தளத்திலும் தங்க வைக்கப்பட்டவர் ஆகியோர் அந்த வாயிலைக்கூட அடைவதில்லை. அவர்களுள் பெரும்பகுதியினர் தலித்துகளும் பழங்குடியினரும் பிற்படுத்தப்பட்டோரும் இசுலாமியரும்தான். பஞ்சகாலத்தின் தூரச் சோதனை பெயர் மாறித் தொடர்கிறது.

எனவே நம் கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். அந்தத் தூரத்தைக் கடக்கும் பொறுப்பு நோயாளியுடையது அன்று, அரசுடையது. தொழிலாளர் தங்குமிடங்களுக்கும் அகதி முகாம்களுக்கும் மருத்துவக் குழுக்கள் குறித்த நாளில் செல்ல வேண்டும். மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும். எந்த மாநிலத்து அட்டை என்று கேட்காமல் சிகிச்சை தொடங்க வேண்டும். மார்ச் 10 அன்று அவரது படத்துக்கு மாலையிடும் கல்லூரித் தோழர்கள், அன்றே தங்கள் ஊரின் புலம்பெயர் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றுக்குச் செல்லுங்கள். அங்கிருந்து அரசு மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர், போய்வர எவ்வளவு செலவு, யாரெல்லாம் திருப்பி அனுப்பப்பட்டனர் என்று கேட்டு எழுதி வாருங்கள். நீதிமன்றத்தில் நாங்கள் வைக்க வேண்டிய முதல் ஆவணம் அதுதான்.