கெரார்ட் ஆர்மவர் ஹான்சன்

கெரார்ட் ஹென்ரிக் ஆர்மவர் ஹான்சன் (ஜூலை 29, 1841 – பெப்ரவரி 12, 1912) நோர்வே நாட்டைச் சேர்ந்த மருத்துவர் ஆவார். தொழுநோயை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்னும் பாக்டீரியாவை 1873 ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் இவரே. இதனால் தொழுநோய், ஹான்சன் நோய் எனவும் அழைக்கப்படுகின்றது.

வாழ்க்கைக் குறிப்பு

பேர்கன் நகரில் பிறந்த ஹான்சன், கிறித்தியானியாவில் (இன்றைய ஒசுலோ) மருத்துவம் பயின்று 1866 இல் பட்டம் பெற்றார். 1868 இல் பேர்கன் திரும்பி, தொழுநோய் மருத்துவமனையில் டானியல் டானியல்சனின் கீழ்ப் பணியில் சேர்ந்தார். அக்காலத்தில் நோர்வேயின் மேற்குக் கரையோரத்தில் இந்நோய் பரவலாகக் காணப்பட்டது. அது பரம்பரையாக வருவது என்பது டானியல்சனின் கருத்து. ஹான்சனோ அதனைத் தொற்றுநோய் எனக் கருதினார்.

கண்டுபிடிப்பு

1873 இல் நோயாளிகளின் தோல் முடிச்சுகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, உயிரணுக்களின் உள்ளே கோல் வடிவ நுண்ணுயிரிகள் இருப்பதைக் கண்டார். இதனை 1874 இல் வெளியிட்டார். 1879 இல் பேர்கனுக்கு வந்த செருமானிய மருத்துவர் ஆல்பர்ட் நைசர், ஹான்சன் அளித்த மாதிரிகளுக்குச் சாயமேற்றி, கண்டுபிடிப்பு தம்முடையது என அறிவித்தார். பின்னர் ஹான்சனின் முன்னுரிமையே ஏற்கப்பட்டது.

வளர்க்க இயலாத பாக்டீரியா

நுண்ணுயிரியே நோய்க்குக் காரணம் என நிறுவ, அதனை உடலுக்கு வெளியே வளர்க்கவும் விலங்குகளில் நோயை உண்டாக்கவும் ஹான்சன் முயன்றார். இரண்டும் கைகூடவில்லை. இதன் காரணம் பிற்காலத்திலேயே விளங்கியது. உடலினுள் நுழையும் கிருமிகளைப் பெருவிழுங்கி உயிரணுக்கள் விழுங்கி அழிக்கின்றன. தொழுநோய்ப் பாக்டீரியாவோ மெழுகு போன்ற கொழுப்புறையின் துணையால் அவற்றின் உள்ளேயே பிழைத்துப் பெருகுகின்றது. நரம்பிழைகளைச் சூழ்ந்துள்ள சுவான் உயிரணுக்களிலும் அது வாழ்கின்றது. நோயாளிகள் தொடுவுணர்ச்சியை இழப்பது இந்நரம்புச் சேதத்தினாலேயே ஆகும். அது ஒருமுறை இரட்டிப்பாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகின்றன. 2001 இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு, அதன் மரபணுக்களுள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை செயலிழந்துள்ளதைக் காட்டியது. எனவே அது ஓம்புயிரின் உயிரணுக்களையே சார்ந்துள்ளது. செயற்கை ஊடகத்தில் அதனை இன்றும் வளர்க்க இயலவில்லை. எலிகளின் பாதங்களிலும் ஆர்மடில்லோ விலங்குகளிலும் வளர்க்கின்றனர்.

வழக்கு

சான்று தேடிய ஹான்சன், 1879 நவம்பரில், வேறு வகைத் தொழுநோய் கொண்டிருந்த ஒரு பெண்ணின் கண்ணில், அவரது இசைவின்றித் தோல் முடிச்சுப் பொருளைச் செலுத்தினார். 1880 இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து, மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது. எனினும், 1875 முதல் வகித்துவந்த தொழுநோய்த் தலைமை மருத்துவ அலுவலர் பதவியில் அவர் நீடித்தார். நோயாளியின் இசைவு பற்றிய மருத்துவ அறவியலில் இவ்வழக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகின்றது.

பிற்காலம்

மருந்து இல்லாத அக்காலத்தில், நோயாளிகளைத் தனிமைப்படுத்துவதே வழி என ஹான்சன் வலியுறுத்தினார். 1877, 1885 ஆம் ஆண்டுகளின் நோர்வேச் சட்டங்கள் இதனடிப்படையில் உருவாயின. நோயாளிகளைக் கட்டாயமாக மருத்துவமனையில் சேர்க்கவும் 1885 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. நோர்வேயில் தொழுநோயாளிகளின் எண்ணிக்கை தொடர்ந்து குறைந்தது. 1909 இல் பேர்கனில் நடைபெற்ற இரண்டாவது அனைத்துலகத் தொழுநோய் மாநாட்டுக்கு ஹான்சன் தலைமை வகித்தார். 1912 இல் புளோரோ என்னும் ஊரில் காலமானார். உயிரணுக்களுக்குள் மறைந்துள்ள இப்பாக்டீரியாவை அழிக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார அமைப்பு 1980களின் தொடக்கத்தில் பரிந்துரைத்தது. அதன்பின் தொழுநோய் முற்றிலும் குணப்படுத்தக்கூடிய நோயாயிற்று.